டங்க்: கூடைப்பந்தின் உயரப் பாய்ச்சலும் அதன் வரலாறும்

டங்க் அல்லது ஸ்லாம் டங்க் என்பது, கூடைப்பந்து ஆட்டக்காரர் ஒருவர் மேலெழும்பி, தம் கை வளையத்தின் மட்டத்தைத் தாண்டிய நிலையில், பந்தை ஒரு கையாலோ இரு கைகளாலோ நேராக வளையத்துக்குள் அழுத்திப் போடும் முறை ஆகும். மற்ற முறைகளில் பந்து கையை விட்டுப் பிரிந்த பிறகு காற்றில் பயணம் செய்து கூடையை அடைகிறது. டங்க்கில் அந்தப் பயணமே கிடையாது. கை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இதற்குக் கிடைப்பவை வெறும் 2 புள்ளிகள்தாம். பலகைக்கு அருகிலிருந்து மெல்லத் தட்டிவிடும் பந்துக்கும் அதே 2 புள்ளிகள். ஆனாலும் அரங்கம் முழுவதும் எழுந்து நிற்பது டங்க்குக்குத்தான்.

இந்த ஆட்டமுறை அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் ஒன்பது பருவங்கள் தடை செய்யப்பட்டிருந்தது என்பது இன்றைய மாணவர்கள் பலருக்குத் தெரியாது. அந்தத் தடையின் கதை, விளையாட்டு விதிகளை யார், யாரை மனத்தில் வைத்து எழுதுகிறார்கள் என்ற கேள்வியோடு பின்னிப் பிணைந்தது. ஆகவே இக்கட்டுரையில் அதற்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

உயரக் கணக்கு

கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 10 அடி, அதாவது 305 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. இந்த 10 அடி யாரும் ஆராய்ந்து வகுத்த அளவன்று. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித் தம் 18 மாணவர்களுக்காக இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது, பீச் பழக்கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடக் கைப்பிடியில் அறையச் செய்தார். அந்தக் கைப்பிடி 10 அடி உயரத்தில் இருந்தது. அவ்வளவுதான். மனிதர்கள் வளர்ந்தார்கள், ஆட்டம் மாறியது, வளையம் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. (அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920 இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர். நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில் கூடைப்பந்துக் கம்பங்கள் நிற்பதற்கும் அந்த நகரத்துக்கும் தொடர்பு உண்டு.)

6 அடி, அதாவது 183 செ.மீ. உயரமுள்ள ஒருவர் நின்றபடியே கையை உயர்த்தினால் விரல் நுனி ஏறக்குறைய 240 செ.மீ. வரை எட்டும். பந்தின் குறுக்களவு சுமார் 24 செ.மீ. அதை மேலிருந்து உள்ளே திணிக்க வேண்டுமானால் விரல்கள் வளையத்துக்கு மேல் குறைந்தது 15 செ.மீ.யாவது போக வேண்டும். ஆக, அவர் 80 செ.மீ. எழும்ப வேண்டும். பயிற்சி இல்லாத இளைஞர் ஒருவர் 40 அல்லது 50 செ.மீ. எழும்புவதே பெரிது. 7 அடி உயரமுள்ளவருக்கோ 40 செ.மீ. போதும். நான் பணியாற்றிய பள்ளியில் மாலை வேளைகளில் மாணவர்கள் ஓடிவந்து குதித்து வலையின் நுனியைத் தொட்டுவிட்டு, வளையத்தையே தொட்டதாகச் சத்தியம் செய்வார்கள். வலையின் நுனிக்கும் வளையத்துக்கும் இடையே ஒன்றரை அடி இருக்கிறது. அந்த ஒன்றரை அடியைத் தாண்டியவன் ஒருவனையும் என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

பெயர் வந்த வகை

ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்பதை ஆங்கிலத்தில் டங்க் என்பார்கள். நாம் பொறையைத் தேநீரில் முக்குவதைப் போல. 1936 இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் நியூயார்க்கில் நடந்த பயிற்சி ஒன்றில், கான்சாஸ் மாநிலத்து மெக்ஃபர்சன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அணியைச் சேர்ந்த ஜோ ஃபோர்ட்டன்பெரி என்ற 6 அடி 8 அங்குல ஆட்டக்காரர் எழும்பிப் பந்தைக் கீழ்நோக்கிப் போட்டார். அதைக் கண்ட நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் செய்தியாளர் ஆர்தர் டேலி, உணவகத்தில் ஒருவர் ரொட்டியைக் காப்பியில் முக்குவதோடு அதை ஒப்பிட்டு எழுதினார். அந்த உவமையிலிருந்தே பெயர் நிலைத்தது என்பர். அவ்வாண்டு அமெரிக்க அணி கனடாவை 19-8 என்ற கணக்கில் வென்று தங்கம் பெற்றது. மழையில் நனைந்து சேறான திறந்தவெளி ஆடுகளத்தில் நடந்த இறுதிப் போட்டி அது. பந்தைத் தட்டி ஓடவே வழியில்லை, டங்க்குக்கு எங்கே போவது!

ஸ்லாம் என்ற முன்னொட்டு பிறகு வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியின் ஆட்டங்களைப் பல ஆண்டுகள் வருணித்த சிக் ஹெர்ன் என்ற வர்ணனையாளர் அதைப் பரப்பினார். இன்று நம் மாணவர்களில் பலர் இச்சொல்லை அறிந்தது டகேஹிகோ இனோவே 1990 முதல் 1996 வரை வரைந்த அதே பெயருடைய ஜப்பானியச் சித்திரத் தொடர் வழியாகத்தான்.

அமெரிக்கப் பேச்சு வழக்கில் இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: தவறவே வாய்ப்பில்லாத காரியம். 2002 டிசம்பரில் ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதற்கான சான்றுகள் பற்றி வெள்ளை மாளிகையில் பேசியபோது, அப்போதைய சி.ஐ.ஏ. தலைவர் ஜார்ஜ் டெனட் இச்சொல்லைப் பயன்படுத்தியதாகப் பாப் உட்வர்டின் 2004 ஆம் ஆண்டு நூல் தெரிவித்தது. போர் நடந்தது, அத்தகைய ஆயுதங்கள் கிடைக்கவில்லை. தாம் சொன்னதன் பொருள் திரிக்கப்பட்டுவிட்டது என்று டெனட் பின்னர் எழுதினார். உண்மையில் ஆடுகளத்திலும் டங்க் தவறுவது உண்டு. வளையத்தின் விளிம்பில் பட்டுப் பந்து பின்னோக்கித் தெறிப்பதை எத்தனையோ ஆட்டங்களில் காணலாம்.

தொடக்க காலம்

1940களில் ஓக்லஹாமா ஏ அண்டு எம் கல்லூரிக்கு ஆடிய 7 அடி உயர பாப் கர்லாண்ட், போட்டிகளில் டங்க்கை முதலில் பழக்கமாக்கியவராகக் கருதப்படுகிறார். அவருடைய அணி 1945, 1946 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கல்லூரிச் சாம்பியன் ஆனது. ஆனால் அக்காலத்தில் டங்க் பெருமைக்குரிய செயலாகக் கருதப்படவில்லை. உயரமானவனின் சோம்பேறித்தனம் என்றார்கள். எதிராளியை அவமதிப்பது என்றும் எண்ணினார்கள். டங்க் போட எழும்பியவரின் கால்களை இடறிவிட்டுக் கீழே சாய்ப்பதும் நடந்தது.

உயரமானவர்களைக் கண்டு விதியை மாற்றும் வழக்கமும் அப்போதே தொடங்கிவிட்டது. வளையத்தை நோக்கி இறங்கும் பந்தைத் தற்காப்பு ஆட்டக்காரர் தட்டிவிடுவதைக் கல்லூரி விதிகள் 1944 இல் தடுத்தன. கர்லாண்டும் ஜார்ஜ் மைக்கனும் அதற்குக் காரணம். 1951 இல் மைக்கனைக் கருதியே என்.பி.ஏ., கூடைக்கடியில் உள்ள பட்டையின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கியது. இவர்கள் இருவரும் வெள்ளையர்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதியைப் படிக்க வேண்டும்.

1967 ஆம் ஆண்டுத் தடை

1966 மார்ச் 19 அன்று மேரிலாந்து மாநிலத்தில் கல்லூரிச் சாம்பியன் பட்டத்துக்கான இறுதிப் போட்டி நடந்தது. டெக்சாஸ் வெஸ்டர்ன் கல்லூரியின் பயிற்சியாளர் டான் ஹாஸ்கின்ஸ் களமிறக்கிய முதல் ஐவரும் கருப்பினத்தவர்கள். எதிரே நின்ற கென்டக்கி பல்கலைக்கழக அணியில் அனைவரும் வெள்ளையர்கள். இறுதிப் போட்டியில் இப்படி ஒரு காட்சி அதுவரை இல்லை. ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே டெக்சாஸ் வெஸ்டர்னின் டேவிட் லாட்டின், கென்டக்கியின் பாட் ரைலிக்கு மேலாக எழும்பி ஓங்கி ஒரு டங்க் போட்டார். வாய்ப்புக் கிடைத்தவுடன் அப்படிச் செய்யும்படி ஹாஸ்கின்ஸே சொல்லி அனுப்பியிருந்தார். டெக்சாஸ் வெஸ்டர்ன் 72-65 என்று வென்றது.

அடுத்த பருவத்தில் லூ ஆல்சிண்டர் வந்தார். நியூயார்க்கில் பிறந்த இந்த 7 அடி 2 அங்குல இளைஞர், லாஸ் ஏஞ்சலசில் உள்ள யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் மாணவர். முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆடக்கூடாது என்பது அக்கால விதி. ஆகவே இரண்டாம் ஆண்டில்தான் களம் கண்டார். முதல் ஆட்டத்திலேயே 56 புள்ளிகள் எடுத்தார். அந்தப் பருவத்தின் 30 ஆட்டங்களிலும் யு.சி.எல்.ஏ. வென்று சாம்பியன் ஆனது.

இறுதிப் போட்டி முடிந்த சில நாள்களில், 1967 மார்ச் இறுதியில், விதிக்குழு டங்க்கைத் தடை செய்தது. கல்லூரிகளுக்கு மட்டுமல்ல, உயர்நிலைப் பள்ளிகளுக்கும் தடை பொருந்தியது. ஆட்டக்காரர்களுக்குக் காயம் ஏற்படுகிறது, பலகைகளும் வளையங்களும் சேதமாகின்றன, தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் இடையே இருக்க வேண்டிய சமநிலை கெடுகிறது என்பவை கூறப்பட்ட காரணங்கள். விதியில் எவருடைய பெயரும் இல்லை. ஆனால் மக்கள் அதை ஆல்சிண்டர் விதி என்றே அழைத்தார்கள். டங்க் போடுபவர்களில் பெரும்பாலோர் கருப்பினத்தவர்கள் என்பதால் இதில் இனப் பாகுபாடு தெரிகிறது என்ற பொருளில் ஆல்சிண்டர் அப்போதே பேசினார். அவருக்கு வயது 19.

இது இனவெறியா, வெறும் உயர அச்சமா? மைக்கன், கர்லாண்ட் ஆகியோருக்காகவும் விதிகள் மாறியவையே என்று தடையை ஆதரிப்பவர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். தடை 1967-68 முதல் 1975-76 வரை ஒன்பது பருவங்கள் நீடித்தது. அவற்றில் ஆல்சிண்டர் கல்லூரியில் ஆடியவை இரண்டே. 1969 இல் அவர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். ஒருவரின் உயரம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் தடை அப்போதே தளர்ந்திருக்கும். அது மேலும் ஏழு பருவங்கள் நின்றது. அவரைவிடக் குள்ளமான, ஆனால் தெருவோர மைதானங்களில் பறக்கக் கற்றுக்கொண்டு வந்த கருப்பின இளைஞர்கள் பலரின் கல்லூரிக் காலத்தை அது முழுமையாக விழுங்கியது. குழுவினரின் மனத்தில் என்ன இருந்தது என்பது வேறு. விதியின் சுமை யார் தோளில் இறங்கியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

தடையால் யு.சி.எல்.ஏ. வீழ்ந்ததா? இல்லை. 1968, 1969 ஆகிய ஆண்டுகளிலும் அதே அணியே சாம்பியன். ஆல்சிண்டர் ஆடிய மூன்று பருவங்களில் அந்த அணி 88 ஆட்டங்களில் வென்று இரண்டில் மட்டுமே தோற்றது. டங்க் மறுக்கப்பட்ட அவர், கூடைக்குப் பக்கவாட்டில் நின்று, ஒற்றைக் கையைத் தலைக்கு மேல் வில்லாக வளைத்துப் பந்தை எறியும் ஸ்கைஹுக் என்ற முறையைத் தீட்டிக் கூர்மையாக்கினார். தடை அவருக்கு நன்மையே செய்தது என்று அவருடைய பயிற்சியாளர் ஜான் வுடன் கருதினார். 1971 முதல் கரீம் அப்துல்-ஜப்பார் என்று உலகம் அறிந்த அவர், என்.பி.ஏ.யில் 38,387 புள்ளிகள் குவித்தார். 2023 பிப்ரவரியில் லெப்ரான் ஜேம்ஸ் கடக்கும் வரை அதுவே உச்சம். தடுத்ததால் வளர்ந்தார் என்று சொல்வது ஆசிரியர்களாகிய எங்களுக்கு மிகவும் பிடித்த வாதம். வகுப்பில் நானே அப்படிப் பேசியிருக்கிறேன். ஆனால் அவரைப் போல மாற்றுவழி கண்டவர்களையே நாம் அறிவோம், காணாமல் போனவர்களை அறிய வழியில்லை.

தடைக் காலத்தின் சுவையான விளைவு ஒன்று உண்டு. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடிய டேவிட் தாம்சன் 6 அடி 4 அங்குலமே இருந்தாலும் வியக்கத்தக்க உயரம் எழும்புவார். 5 அடி 7 அங்குலமுள்ள அவருடைய தோழர் மான்ட்டி டோவ் வளையத்துக்கு அருகே பந்தை உயரத் தூக்கிப் போட, தாம்சன் காற்றிலேயே அதைப் பிடித்து, தரையிறங்கும் முன் கூடைக்குள் சேர்ப்பார். இதற்கு ஆலி-ஊப் என்று பெயர். பிரெஞ்சு சர்க்கஸ் கலைஞர்கள் தாவும்போது எழுப்பும் குரலிலிருந்து வந்ததாம். விதி குறுக்கே நின்றதால், அவ்வளவு உயரம் போயும் தாம்சன் பந்தை அழுத்தாமல் பூவைப் போல மெல்ல விட வேண்டியிருந்தது. 1974 அரையிறுதியில் இந்த அணி யு.சி.எல்.ஏ.யை 80-77 என வீழ்த்தி, ஏழு ஆண்டுத் தொடர் ஆட்சியை முடித்தது. 1975 இல் சொந்த அரங்கில் தம் கடைசி ஆட்டத்தின்போது, தாம்சன் ஓடிப்போய் ஒரு டங்க்கை ஓங்கிப் போட்டார். நடுவர் விதிப்படி தவறு கூறிக் கூடையை மறுத்தார். பார்வையாளர்கள் எழுந்து நின்று ஆரவாரித்தார்கள்.

டென்வர், 1976

தொழில்முறை ஆட்டத்தில் டங்க்குக்குத் தடை இருந்ததில்லை. 1967 இலேயே என்.பி.ஏ.வுக்குப் போட்டியாகத் தொடங்கப்பட்ட ஏ.பி.ஏ. என்ற அமைப்பு, சிவப்பு வெள்ளை நீலப் பந்தோடும் மூன்று புள்ளி எறிகளோடும் டங்க்கையும் கொண்டாடியது. அதன் நாயகர் ஜூலியஸ் எர்விங். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் படித்த காலம் முழுவதும் தடை இருந்ததால், கல்லூரிப் போட்டிகளில் அவருக்கு டங்க் போட அனுமதியே கிடைத்ததில்லை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ரக்கர் பார்க் என்ற திறந்தவெளி மைதானத்தில் கோடைக்காலத்தில் ஆடியபோதுதான் மக்கள் அவரைக் கண்டுகொண்டார்கள்.

1976 ஜனவரி 27 அன்று டென்வர் நகரில் நடந்த நட்சத்திர ஆட்டத்தின் இடைவேளையில், கூட்டத்தை ஈர்ப்பதற்காக ஒரு டங்க் போட்டி வைத்தார்கள். அமைப்பு அப்போது பணமுடையில் தள்ளாடிக்கொண்டிருந்தது. ஐவர் கலந்துகொண்டனர்: எர்விங், தாம்சன், ஆர்டிஸ் கில்மோர், ஜார்ஜ் கெர்வின், லாரி கெனன். எர்விங் கூடையிலிருந்து நீண்ட அடிகளால் தூரத்தை அளந்துகொண்டே பின்னால் போனார். பிறகு ஓடிவந்து, பலகையிலிருந்து 15 அடி தொலைவில் உள்ள தனி எறிக் கோட்டை ஒட்டித் தரையை விட்டெழுந்து, பந்தோடு மிதந்துவந்து உள்ளே போட்டார். வென்றார். அந்த ஆண்டே ஏ.பி.ஏ. முடிவுக்கு வந்து, அதன் நான்கு அணிகள் என்.பி.ஏ.யில் இணைந்தன. அதே ஆண்டில் கல்லூரிகளிலும் தடை நீங்கியது. 1988 இல் சிகாகோவில் மைக்கேல் ஜோர்டான் கோட்டிலிருந்து பறந்த படம் உலகப் புகழ் பெற்றது. 1986 இல் 5 அடி 7 அங்குலமே இருந்த ஸ்பட் வெப் போட்டியை வென்றார். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வின்ஸ் கார்ட்டர், 7 அடி 2 அங்குலமுள்ள பிரெஞ்சு ஆட்டக்காரர் ஃபிரெடெரிக் வெய்ஸைத் தாண்டிக் குதித்தே டங்க் போட்டார். இவற்றைக் காணொளிகளில் எளிதாகக் காணலாம் என்பதால் விரித்து எழுதவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். 1983 கல்லூரி இறுதிப் போட்டியில் டங்க்குக்காகவே பெயர்பெற்ற ஹூஸ்டன் பல்கலைக்கழகமும், தாம்சனின் பழைய கல்லூரியும் மோதின. 52-52 என்று சமநிலை. கடைசி நொடிகளில் டெரெக் விட்டன்பர்க் தொலைவிலிருந்து எறிந்த பந்து வளையத்தை எட்டாமல் வீழ, அங்கே நின்ற லொரென்சோ சார்லஸ் அதைப் பற்றி உள்ளே திணித்தார். எதிரணியின் கலையாலேயே 54-52. தடை நீடித்திருந்தால் அந்தக் கூடை செல்லாது.

வளையத்தைக் காத்த விவசாயக் கம்பிச்சுருள்

தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் பலகை உடைவது மட்டும் பொய்யன்று. 1979 இன் இறுதியில் டேரில் டாக்கின்ஸ் என்ற பருத்த ஆட்டக்காரர் மூன்றே வாரங்களில் இரண்டு கண்ணாடிப் பலகைகளை நொறுக்கினார். ஆனால் இதற்கான தீர்வு, டங்க்கைத் தடுக்காமலேயே கிடைத்தது. இல்லினாய் மாநிலத்தில் தானியக் கிடங்கு ஒன்றில் பணியாற்றிய ஆர்தர் எஹ்ராட், கல்லூரிப் பயிற்சியாளரான தம் உறவினர் வளையங்கள் வளைந்துபோவதைப் பற்றிக் கூறியதைக் கேட்டு யோசித்தார். ஜான் டீர் உழவுக் கருவியின் கம்பிச்சுருள் ஒன்றை எடுத்து, பாரம் மிகுந்தால் வளையம் கீழே மடங்கி, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும்படி அமைத்தார். 1982 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகெங்கும் பெரிய அரங்குகளில் உள்ளவை இவ்வகை மடங்கு வளையங்களே. 1967 இல் விதிக்குழுவில் ஒருவராவது இரும்புப் பட்டறைக்காரர் ஒருவரைக் கேட்டிருக்கலாம்.

பெண்கள்

1984 டிசம்பர் 21 அன்று மேற்கு வர்ஜினியா மாநிலத்தின் எல்கின்ஸ் என்ற சிற்றூரில், மேற்கு வர்ஜினியா பல்கலைக்கழகத்தின் 6 அடி 7 அங்குல ஆட்டக்காரர் ஜார்ஜியான் வெல்ஸ், சார்ல்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரு கையால் டங்க் போட்டார். கல்லூரிப் போட்டியில் பெண் ஒருவர் போட்ட முதல் டங்க் அதுவே. தொழில்முறைப் பெண்கள் ஆட்டத்தில் லீசா லெஸ்லி முதல் டங்க் போட்டது 2002 ஜூலை 30 அன்று. இடையே 17 ஆண்டுகளுக்கு மேல்.

எல்கின்ஸ் அரங்கில் அன்று தொலைக்காட்சிக் கருவி இல்லை. படம் எடுத்தவரும் இல்லை. எதிரணிப் பயிற்சியாளர் மட்டும் தம் அணியின் பயன்பாட்டுக்காக ஆட்டத்தை ஒளிநாடாவில் பதிந்திருந்தார். அதைத் தரும்படி கேட்டபோது அவர் கொடுக்கவில்லை. ஆதலால் வெல்ஸின் சாதனையைப் பதிவேடு சொன்னது, பார்த்தவர்கள் சொன்னார்கள், பார்க்காதவர்கள் ஐயப்பட்டார்கள். 1999 இல் அந்தப் பயிற்சியாளர் காலமானார். 2009 இல் செய்தியாளர் ஒருவர் தேடிப் போனபோது, பயிற்சியாளரின் மகன் தந்தையின் பொருள்களுக்கிடையே அந்த நாடாவைக் கண்டெடுத்துக் கொடுத்தார். கால் நூற்றாண்டுக்குப் பிறகு வெல்ஸ் தம் டங்க்கைத் திரையில் பார்த்தார்.